மகளா, மகனா? கருவில் நிகழும் கணக்கு

மகப்பேற்றுப் பிரிவின் கதவைத் திறந்து செவிலியர் வெளியே வந்ததும் உறவினர் கேட்கும் முதல் வினா பெரும்பாலும் ‘என்ன குழந்தை?’ என்பதே. தாய் நலமா என்னும் வினா அதன் பின்னரே எழுகிறது. முதற்குழந்தையாயின் எந்த விடையும் மகிழ்ச்சியோடு ஏற்கப்படுகிறது. இரண்டாவதும் பெண், மூன்றாவதும் பெண் என்று செவிலியர் சொல்லும்போது அங்கே ஒரு மௌனம் படர்கிறது. அதன் சுமை முழுவதும், உள்ளே களைத்துப் படுத்திருக்கும் தாயின்மேல் இறங்குகிறது. ‘எங்கள் வம்சத்தில் இப்படி இல்லையே’ என்று பெருமூச்செறியும் மாமியாரையும், ‘அவள் அம்மாவுக்கும் ஐந்தும் பெண்தானே’ என்று நினைவூட்டும் சுற்றத்தாரையும் நாங்கள் அடிக்கடி காண்கிறோம். குழந்தையின் பால் எவ்வாறு அமைகிறது என்பதைப் பள்ளியில் படித்துத் தேர்வெழுதியவர்கள்கூடத் தம் வீட்டில் பெண் பிறக்கும் வேளையில் அப்பாடத்தை மறந்துவிடுகின்றனர். ஆதலின் அதனை இங்கே முதலிலிருந்து விளக்க முற்படுகிறோம்.

நம் உடல் பல இலட்சம் கோடி உயிரணுக்களால் ஆனது. பெரும்பாலான உயிரணுக்களின் நடுவே உட்கரு என்னும் நுண்ணிய உருண்டை இருக்கிறது. அதனுள் டி.என்.ஏ. என்னும் மிக மெல்லிய இழைகள் சுருண்டு கிடக்கின்றன. ஒரே ஓர் உயிரணுவில் உள்ள இழைகளைப் பிரித்து, முனையோடு முனை சேர்த்து நீட்டினால் ஏறத்தாழ 2 மீட்டர் நீளம் வரும். ஒரு புடவையில் மூன்றிலொரு பங்குக்கும் சற்றுக் கூடுதலான அந்நீளம், கண்ணுக்குப் புலப்படாத ஒரு புள்ளிக்குள் மடிந்திருக்கிறது. உயிரணு இரண்டாகப் பிரியும் வேளையில் இவ்விழைகள் இறுகித் தடித்துச் சிறு கோல்கள்போல் ஆகின்றன. சாயம் ஏற்றினால் நுண்ணோக்கியில் தெளிவாகத் தெரியும். சாயத்தை எளிதில் ஏற்பதால் இவற்றுக்குக் குரோமோசோம் என்று பெயரிட்டனர்; நம் நூல்களில் நிறப்புரி என்றும் வழங்குவர்.

மனிதருக்கு இவை 46. எளிய எண்ணிக்கைதானே என்று தோன்றலாம். ஆயினும் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக உலகெங்கும் பாடநூல்கள் 48 என்றே அச்சிட்டுவந்தன. சுவீடன் நாட்டின் லுண்ட் நகரில் ஜோ ஹின் ஜியோ, ஆல்பர்ட் லெவான் என்னும் இருவர் மேம்பட்ட முறையில் எண்ணிப் பார்த்து, 46 என்று 1956ஆம் ஆண்டில் வெளியிட்ட பின்னரே அப்பிழை நீங்கியது. இன்று எங்கள் ஆய்வகத்தில் ‘குரோமோசோம் பரிசோதனை’க்கென்று சிறிதளவு குருதி எடுக்கும்போது நடைபெறுவதும் அடிப்படையில் அதே எண்ணும் பணிதான்.

இந்த 46உம் 23 இணைகளாக அமைந்துள்ளன. ஒவ்வோர் இணையிலும் ஒன்று தாய் தந்தது. மற்றொன்று தந்தை தந்தது. குரோமோசோம்களின்மேல், ஊர்களைப்போல வரிசையாக, மரபணுக்கள் இடம்பெற்றுள்ளன. உடலுக்கு வேண்டிய புரதங்களைச் செய்யும் குறிப்புகளைத் தாங்கிய மரபணுக்கள் மட்டும் ஏறத்தாழ 20,000. இணை இரண்டு என்பதால், பெரும்பாலான மரபணுக்களுக்கும் நம்மிடம் இரண்டு படிகள் உண்டு. இரண்டும் ஒன்றுபோல் இருக்க வேண்டியதில்லை. வேறுபடும்போது சிலவற்றில் ஒன்று வெளிப்பட்டு மற்றது மறைந்திருக்கும். மறைந்தது அழிந்துவிடுவதில்லை, அடுத்த தலைமுறைக்குச் சென்று அங்கே தலைகாட்டக்கூடும். பட்டாணிச் செடிகளை ஆண்டுக்கணக்கில் வளர்த்து எண்ணி இவ்வுண்மையைக் கண்டவர் கிரிகோர் மெண்டல் என்னும் துறவி. 1866இல் அச்சேறிய அவரது கட்டுரை, அவர் மறைந்த பின்னர் 1900ஆம் ஆண்டிலேதான் உலகின் கவனத்தைப் பெற்றது.

பட்டாணியைவிட நெருக்கமான சான்று குருதி வகையில் இருக்கிறது. தந்தைக்கு ‘ஏ’ வகை, தாய்க்கு ‘பி’ வகை, பிறந்த குழந்தைக்கோ ‘ஓ’ வகை. இத்தகைய அறிக்கையைக் கையில் ஏந்தி, குழந்தை மாறிவிட்டதோ என்று கலங்கி வருவோர் உண்டு. அதனினும் கொடிய ஐயத்தை மனத்தில் வைத்துக்கொண்டு வாய் திறவாமல் நிற்போரும் உண்டு. இதில் கலங்குவதற்கு ஏதுமில்லை. ‘ஏ’ வகைத் தந்தையிடம் ‘ஏ’, ‘ஓ’ என இரு படிகள் இருக்கலாம், ‘ஓ’ மறைந்திருக்கும். தாயிடமும் அவ்வாறே ‘பி’, ‘ஓ’ இருக்கலாம். இருவரும் ‘ஓ’வையே கொடுத்தால் குழந்தை ‘ஓ’ வகை. இத்தகைய பெற்றோருக்கு ஏ, பி, ஏபி, ஓ ஆகிய நான்கில் எதுவும் நான்கிலொரு வாய்ப்புடன் அமையும்.

இனிப் பாலைப் பற்றிய பகுதி. 23 இணைகளுள் 22 ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவானவை. எஞ்சிய ஓர் இணையே வேறுபடுகிறது. பெண்ணிடம் இரண்டு எக்ஸ் குரோமோசோம்கள் உள்ளன. ஆணிடம் ஓர் எக்ஸும் ஓர் ஒய்யும் உள்ளன. கருமுட்டையும் விந்தணுவும் உருவாகும்போது இணைகள் பிரிந்து, ஒவ்வொன்றிலிருந்தும் ஒன்று மட்டுமே சேர்கிறது. ஆகவே அவற்றில் இருப்பவை 46 அல்ல, 23. தாயிடம் இருப்பவை இரண்டும் எக்ஸ் ஆதலால், அவள் தரும் ஒவ்வொரு கருமுட்டையிலும் எக்ஸ் மட்டுமே இருக்க முடியும். அவளிடம் ஒய் கிடையாது. இல்லாததை அவள் எவ்வாறு கொடுப்பாள்? தந்தையின் விந்தணுக்களிலோ ஏறத்தாழப் பாதியில் எக்ஸும் பாதியில் ஒய்யும் இருக்கின்றன. எக்ஸ் தாங்கிய விந்தணு கருமுட்டையை அடைந்தால் பெண். ஒய் தாங்கியது அடைந்தால் ஆண்.

இதனை முதலில் தெளிவுறக் கண்டவர்களுள் ஒருவர் அமெரிக்கப் பெண் அறிஞர் நெட்டி ஸ்டீவன்ஸ். மாவுப்புழு எனப்படும் வண்டினத்தை ஆராய்ந்த அவர், பெண் வண்டின் உயிரணுக்களில் 20 பெரிய குரோமோசோம்களும், ஆண் வண்டின் உயிரணுக்களில் 19 பெரியனவும் ஒரு சிறியதும் இருக்கக் கண்டார். அச்சிறியதைப் பெறும் முட்டை ஆணாகிறது என்று 1905இல் அவர் எழுதினார். அதே காலத்தில் எட்மண்ட் வில்சன் என்பவரும் வேறு பூச்சிகளில் ஆராய்ந்து இதையொத்த முடிவை எய்தினார். அதற்கு முன்னர், கருவுற்ற தாய் உண்ணும் உணவும் தட்பவெப்பமும் குழந்தையின் பாலை முடிவுசெய்கின்றன என்று கற்றறிந்தோரும் நம்பினர். நூற்றிருபது ஆண்டுகள் கடந்த பின்னும் நம் வீடுகளில் அந்நம்பிக்கை குடியிருப்பது வியப்புக்குரியது.

அவ்வாறாயின் பழி தந்தையைச் சேருமோ என்று சிலர் கேட்கின்றனர். சில இளம் மனைவியர் அப்படிக் கேட்டுவிட்டுச் சிரிப்பதும் உண்டு. தந்தைக்கும் இதில் தெரிவு இல்லை. ஒரே முறையில் கோடிக்கணக்கான விந்தணுக்கள் புறப்படுகின்றன. அவற்றுள் எது முந்தும் என்பதை அவரது விருப்பமோ வலிமையோ முடிவுசெய்வதில்லை. உலக அளவில் 100 பெண் குழந்தைகளுக்கு ஏறத்தாழ 105 ஆண் குழந்தைகள் பிறக்கின்றன. ஏறக்குறையச் சரிபாதி என்றே கொள்ளலாம்.

இங்கே பலரும் இடறும் இடம் ஒன்று உண்டு. நாணயத்தைச் சுண்டி மூன்று முறை தலை விழுந்தால், நான்காம் முறை பூ விழுந்தே தீரும் என்று மனம் சொல்கிறது. முன்னர் விழுந்தது எது என்பது நாணயத்துக்குத் தெரியாது. கருவும் அப்படியே. மூன்று குழந்தைகள் உள்ள எட்டுக் குடும்பங்களை எடுத்துக்கொண்டால், சராசரியாக ஒன்றில் மூவரும் பெண்களாக இருப்பர். அது குறையன்று, எண்ணிக்கையின் இயல்பு. அக்குடும்பத்தில் நான்காவது குழந்தை ஆணாக இருக்கும் வாய்ப்பு மீண்டும் ஏறத்தாழப் பாதிதான். ‘இம்முறை நிச்சயம் பையன்’ என்று உறுதிகூறி மருந்தோ, உணவுப் பட்டியலோ, நாள்காட்டிக் கணக்கோ விற்பவர் எவராயினும், அவர் கூற்று இருவரில் ஒருவரிடம் தற்செயலாகவே பலித்துவிடும். அவ்வணிகம் அழியாமல் இருப்பதன் மறைபொருள் இதுவே. அத்தகைய மருந்துகளை உண்பது கருவிலுள்ள குழந்தைக்குத் தீங்காகவும் முடியலாம்.

ஒய் குரோமோசோம் உருவில் சிறியது. எக்ஸில் நூற்றுக்கணக்கான மரபணுக்கள் இருக்க, ஒய்யில் இருப்பவை மிகச் சில. அவற்றுள் எஸ்.ஆர்.ஒய். என்னும் ஒன்றே ஆண்பாலுக்கான தொடக்க விசை என்று 1990இல் கண்டறிந்தனர். ஆறு வாரம் வரை ஆண் கருவும் பெண் கருவும் உறுப்பமைப்பில் ஒன்றுபோலவே இருக்கின்றன. அதன்பின் இம்மரபணு செயற்படத் தொடங்கினால் விதைப்பைகள் உருவாகின்றன. பிற மாற்றங்கள் படிப்படியாகத் தொடர்கின்றன. இத்தொடரில் எங்கேனும் வேறுபாடு நேர்ந்தால் குழந்தையின் உடலமைப்பும் குரோமோசோமும் வழக்கமான முறையில் பொருந்தாமல் இருக்கலாம். ஓர் எக்ஸ் மட்டுமே கொண்ட டர்னர் நிலை, இரண்டு எக்ஸும் ஓர் ஒய்யும் கொண்ட கிளைன்ஃபெல்டர் நிலை ஆகியனவும் உள்ளன. இக்குழந்தைகளின் பெற்றோருக்கு நாங்கள் கூற விரும்புவது, அவசரம் வேண்டா என்பதே. குழந்தையின் பிறப்புறுப்பை ‘சரிசெய்ய’ உடனே அறுவை வேண்டுமென்று உறவினர் வற்புறுத்தலாம். 2019இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அளித்த தீர்ப்பை அடுத்து, உயிருக்கு ஆபத்தான நிலை தவிர, இடைப்பால் குழந்தைகளுக்கு அத்தகைய அறுவை செய்வதைத் தமிழ்நாடு அரசு தடைசெய்துள்ளது. அது நல்ல முடிவு என்பது எங்கள் கருத்து.

தாயின்மேல் பழி விழும் மற்றோர் இடம் ஹீமோபிலியா. குருதி உறைவதற்கு வேண்டிய ஒரு புரதத்தின் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. அது பழுதுபட்டால், ஆணிடம் ஈடுசெய்ய வேறு எக்ஸ் இல்லாததால் நோய் வெளிப்படுகிறது. பெண்ணிடம் மற்றோர் எக்ஸ் இருப்பதால் பெரும்பாலும் நோய் வெளிப்படாமல், அவள் அதனைத் தாங்கிச் செல்பவளாக மட்டும் இருக்கிறாள். அத்தகைய தாய்க்குப் பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் நோய் வரும் வாய்ப்பு பாதி. ஒவ்வொரு மகளும் தாங்குபவளாகும் வாய்ப்பும் பாதி. நோயுள்ள தந்தையின் மகன்களுக்கு அவரது எக்ஸ் செல்வதில்லை. மகள்கள் அனைவருக்கும் செல்கிறது. ‘உன்னால்தான் வந்தது’ என்று தாயைச் சுட்டுவோர், ஹீமோபிலியா நோயாளர்களில் ஏறத்தாழ மூன்றிலொருவர் குடும்பத்தில் அதற்குமுன் எவருக்கும் அந்நோய் இருந்ததில்லை என்பதை அறிந்துகொள்ளட்டும். மரபணுவில் அம்மாற்றம் புதிதாகவே தோன்றக்கூடும். இங்கிலாந்து அரசி விக்டோரியாவின் மகன் லியோபோல்டுக்கும், பின்னர் ருசிய இளவரசன் அலெக்சிக்கும் இந்நோய் இருந்தது. அரசியின் முன்னோரில் எவரிடமும் அதன் தடயம் தென்படவில்லை.

தலசீமியா போன்ற நோய்களின் கணக்கு வேறு. அங்கே தாய், தந்தை இருவரும் பழுதுள்ள ஒரு படியைத் தாங்கியிருந்தால்தான் குழந்தைக்குக் கடுமையான நோய் வரும். ஒவ்வொரு கருவுக்கும் அவ்வாய்ப்பு நான்கிலொன்று. ‘முதற்குழந்தைக்கு வந்துவிட்டது, இனி மூன்று குழந்தைகளுக்கு வாராது’ என்று நம்பி அடுத்த கருவைப் பரிசோதிக்காமல் விட்டவர்களை நாங்கள் குருதியேற்றும் பிரிவில் சந்திக்கிறோம். நாணயத்துக்குச் சொன்னது இங்கும் பொருந்தும். நெருங்கிய உறவில் மணம் புரிவோரிடையே இவ்வாய்ப்பு கூடுகிறது: மாமன் மகளும் அத்தை மகனும் சராசரியாக எட்டிலொரு பங்கு மரபணுக்களைப் பொதுவாகக் கொண்டவர்கள், தாய்மாமனும் அக்காள் மகளும் நான்கிலொரு பங்கு. உறவில் மணந்தோரின் குழந்தைகளில் பெரும்பாலோர் நலமாகவே பிறக்கின்றனர் என்பதும் உண்மை. ஏற்கெனவே மணந்தவர்களை அச்சுறுத்துவது எங்கள் நோக்கமன்று. கருத்தரிக்கும் முன் எளிய குருதிப் பரிசோதனை ஒன்றைச் செய்துகொள்ளுமாறே கூறுகிறோம்.

ஸ்கேன் அறையின் முன் தொங்கும் அறிவிப்புப் பலகையைப் பற்றியும் ஒரு சொல். கருவின் பாலை அறிவதும் அறிவிப்பதும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அறிந்து சொல்லுமாறு நாடுவோருக்கும் மூன்றாண்டு வரை சிறையும் ஐம்பதாயிரம் ரூபாய் வரை தண்டமும் உண்டு. அதற்குக் கட்டாயப்படுத்தப்பட்ட கருவுற்ற பெண்ணுக்கு மட்டும் இத்தண்டனை பொருந்தாது. ‘சும்மா ஒரு கை அசைவு காட்டுங்கள், போதும்’ என்று எங்கள் ஊழியர்களிடம் கேட்க வேண்டா.

மரபியல் ஆலோசனைக்கு வருவோர், கணவன் மனைவி இருவரும் சேர்ந்து வருவது நலம். இருவர் பக்கமும் தாத்தா பாட்டி வரை மூன்று தலைமுறையில் யார் யாருக்கு என்ன நோய், சிறு வயதில் இறந்தவர் எவரேனும் உண்டா, கருச்சிதைவுகள் நேர்ந்தனவா, உறவில் நடந்த மணங்கள் எவை என்பவற்றை வீட்டு முதியோரிடம் கேட்டுத் தாளில் எழுதிவருக. முன்னர் பிறந்த குழந்தைகளின் பரிசோதனை அறிக்கைகள், எவ்வளவு பழையனவாயினும், உடன் கொண்டுவருக.