ஸ்டுட்கார்ட்டில் ஆறு மாதம்

கேள்வி: பொறியியல் மாணவி நான். ஆறு மாதப் பயிற்சிக்காக ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகருக்குப் போகிறேன். அங்குள்ள பழக்கவழக்கங்களுக்கு எப்படிப் பழகிக்கொள்வது?
– வாசகி, கோவை

பதில்: வாழ்த்துகள்! போனதும் முதல் வேலை, முகவரியைப் பதிவதுதான். குடிபோன இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் பதிந்தாக வேண்டும். அதற்கு வீட்டு உரிமையாளர் கையெழுத்திட்ட சான்று தேவை. அதைத் தர மறுப்பவரிடம் அறை எடுக்கவே வேண்டாம். வரி எண்கூட இந்தப் பதிவுக்குப் பிறகுதான் தபாலில் வரும்.

ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். அரிசி, பால் எல்லாம் சனிக்கிழமையே வாங்கி வையுங்கள். இரவு பத்துக்கு மேல் சத்தம் கூடாது.

அந்தப் பகுதிக்கே உரிய வழக்கம் ஒன்று உண்டு: 'கேர்வோகெ'. உங்கள் கதவில் ஒரு சிறு பலகை தொங்கினால், அந்த வாரம் பொதுப் படிக்கட்டைக் கூட்டித் துடைப்பது உங்கள் முறை. தட்டாமல் செய்யுங்கள். அக்கம்பக்கத்தாரிடம் நல்ல பெயர் வாங்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

அலுவலகத்தில் ஒன்பது மணி என்றால் ஒன்பதுதான். "இது சரியில்லை" என்று முகத்துக்கு நேரே சொல்வார்கள். மனம் வாடாதீர்கள், குறை வேலையில்தான், உங்கள்மேல் அல்ல. நம் பிள்ளைகள் புரியாவிட்டாலும் தலையாட்டிவிடுகிறார்கள். அது வேண்டாம், அங்கேயே கேட்டுவிடுங்கள். பயிற்சி முடிவதற்குச் சில வாரம் முன்பே பணிச்சான்றிதழ் கேளுங்கள். தயங்காதீர்கள், அது உங்கள் உரிமை.