பி.ஆர். கார்ட் காலாவதியானால் கனடா உரிமையும் போய்விடுமா?

கேள்வி: எனக்கு வயது 64. கணவர் ஸ்பொன்சர் செய்து 2005இல் கனடா போனேன். ஆங்கிலச் சோதனைக்குப் பயந்து குடியுரிமைக்கு விண்ணப்பிக்கவில்லை. 2013இல் கணவர் காலமானார். 2015இல் யாழ்ப்பாணத்தில் இருந்த அம்மா பாரிசவாதம் வந்து படுக்கையில் விழுந்தார். பார்க்க வேறு ஆள் இல்லாததால் ஊருக்கு வந்தவள் திரும்பிப் போகவே முடியவில்லை. 2017இல் பி.ஆர். கார்ட் காலாவதியாகிவிட்டது. சில மாதங்களுக்கு முன் அம்மாவும் போய்விட்டார். மகனும் பேரப்பிள்ளைகளும் ஸ்காபரோவில் இருக்கிறார்கள். இங்குள்ள ஒரு முகவர், "உங்கள் பி.ஆர். எப்போதோ முடிந்துவிட்டது, துறப்புப் படிவத்தில் கையெழுத்து வைத்துவிட்டு விசிட் விசா எடுங்கள்" என்கிறார். அப்படிச் செய்யலாமா?

பதில்: அம்மா, அந்தப் படிவத்தில் இப்போதைக்குக் கையெழுத்து வைக்காதீர்கள். உங்கள் நிரந்தர வதிவிட உரிமை (பி.ஆர்.) இன்னும் உங்களிடம்தான் இருக்கிறது. காலாவதியானது கார்ட் மட்டுமே. அது உங்கள் உரிமைக்கான அத்தாட்சி, உரிமை அல்ல.

நீங்கள் சொல்வதுபோல் கணவர் ஸ்பொன்சர் செய்து வந்தவருக்கு, கனடாவின் குடிவரவுச் சட்டப்படி இந்த உரிமை பெரும்பாலும் மூன்று வழிகளில் போகும். நீங்கள் குடியுரிமை பெற்றால் போகும். நீங்களே எழுதிக் கொடுத்துத் துறந்தால் போகும். வதிவிடக் கடமையை மீறினீர்கள் என்றோ வேறு சட்டக் காரணத்துக்காகவோ அதிகாரி முடிவெடுத்து, மேன்முறையீட்டுக்கும் வழியில்லாமல் அந்த முடிவு இறுதியானால் போகும். எத்தனை வருடம் வெளிநாட்டில் இருந்தாலும் அது தானாகப் போய்விடுவதில்லை.

ஆனால் உங்கள் வழக்கு எளிதானது என்று சொல்ல மாட்டேன். வதிவிடக் கடமைப்படி, நிரந்தர வதிவாளர் எந்த ஐந்து வருடத்தை எடுத்தாலும் அதில் குறைந்தது 730 நாட்கள் கனடாவில் இருந்திருக்க வேண்டும். விண்ணப்பிக்கும் நாளிலிருந்து பின்னோக்கி ஐந்து வருடத்தை எண்ணுவார்கள். அந்தக் கணக்கில் உங்களுக்கு ஒரு நாளும் இல்லை. கனடியக் குடிமகனான கணவரோடு வெளிநாட்டில் சேர்ந்து வாழ்ந்த நாட்களையோ, கனடிய நிறுவனம் முழுநேர வேலைக்கு வெளிநாடு அனுப்பிய நாட்களையோ கனடாவில் இருந்த நாட்களாகவே எண்ண முடியும். உங்களுக்கு அவை இரண்டும் பொருந்தாது.

உங்களுக்குத் திறந்திருக்கும் கதவு மனிதாபிமானக் காரணங்கள். நாட்கள் போதாவிட்டாலும், அந்தக் காரணங்கள் போதிய வலுவுள்ளவை என்று அதிகாரி கண்டால் உரிமையைக் காப்பாற்றச் சட்டத்தின் 28ஆம் பிரிவு இடமளிக்கிறது. அவர் சில விடயங்களை எடைபோடுவார். எவ்வளவு நாட்கள் குறைகின்றன? ஏன் வெளியேறினீர்கள், ஏன் தங்கிவிட்டீர்கள்? திரும்ப முடிந்த முதல் சந்தர்ப்பத்திலேயே முயன்றீர்களா? கனடாவில் உங்களுக்கு என்ன பிணைப்பு இருக்கிறது? உரிமை பறிபோனால் உங்களுக்கும் உங்கள் குடும்பத்துக்கும் என்ன கஷ்டம் வரும்? பேரப்பிள்ளைகளின் நலனுக்கு என்ன பாதிப்பு? நாட்கள் அதிகம் குறையும்போது காரணமும் அதற்கேற்ற வலுவோடு இருக்க வேண்டும்.

செய்ய வேண்டியது இதுதான். இலங்கையில் இருந்தபடியே நிரந்தர வதிவாளர் பயண ஆவணத்துக்கு விண்ணப்பியுங்கள். கட்டணம் 50 கனடிய டொலர். விண்ணப்பத்தில் மனிதாபிமானக் காரணங்களைப் பரிசீலிக்கும்படி வெளிப்படையாகக் கேளுங்கள். "அம்மா வருத்தமாக இருந்தார்" என்ற ஒற்றை வரி போதாது. நோய் தொடங்கிய நாள் முதல் மரணம் வரை, ஆண்டு வாரியாக எழுதிய கடிதம் வேண்டும். அம்மாவின் கிளினிக் கொப்பி, வைத்தியசாலையில் தந்த நோய் நிர்ணய அட்டை, மருந்துச் சீட்டுகள், வைத்தியரின் கடிதம், மரணச் சான்றிதழ் எல்லாவற்றையும் சேருங்கள். நீங்கள் அந்த வீட்டில் தங்கிப் பராமரித்ததைக் கிராம அலுவலரிடம் எழுதி வாங்குங்கள். சகோதரர்கள் இருந்தால் அவர்கள் எங்கே இருக்கிறார்கள், ஏன் அம்மாவைப் பார்க்க முடியவில்லை என்பதையும் விளக்குங்கள். அதிகாரி நிச்சயம் கேட்கும் கேள்வி அது. மகனின் கடிதம், பேரப்பிள்ளைகளோடு பேசிய பதிவுகள், கனடாவில் உள்ள வங்கிக் கணக்கு, வரி ஆவணங்கள் போன்றவை உங்கள் பிணைப்பைக் காட்டும். தமிழில், சிங்களத்தில் உள்ளவற்றுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு இணைக்க வேண்டும்.

காலத்தைக் கடத்தாதீர்கள். அம்மா போன பிறகு கழியும் ஒவ்வொரு மாதத்துக்கும் நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அந்தியேட்டி, வீட்டுக் காணி விடயங்கள் என்று நியாயமான தாமதம் இருந்தால் அதையும் எழுதுங்கள்.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டாலும் கதை அதோடு முடியாது. முடிவு கையில் கிடைத்த 60 நாட்களுக்குள் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவில் முறையிடலாம். அங்கே புதிய சான்றுகளையும் மனிதாபிமானக் காரணங்களையும் மறுபடி முன்வைக்கலாம். அந்த 60 நாட்களை விட்டுவிட்டாலோ, மேன்முறையீடும் தோற்றாலோதான் உரிமை உண்மையில் போகும்.

சிலர் வேறொரு வழி சொல்வார்கள். அமெரிக்க விசா இருந்தால் தரைவழியாகக் கனடிய எல்லைக்குப் போகலாம். நிரந்தர வதிவாளர் என்று உறுதியானவரை உள்ளே விட்டாக வேண்டும் என்பார்கள். அது சட்டப்படி சரி. ஆனால் எல்லையில் உள்ள அதிகாரி நாட்கணக்கைக் கேட்டு உங்கள்மீது அறிக்கை எழுதலாம். வெளியேற்ற ஆணை வந்தால் மேன்முறையீட்டுக்கு 30 நாட்களே உண்டு. எங்கே கேட்டாலும் உண்மையைத்தான் சொல்ல வேண்டும். பொய்த் தகவல் கொடுத்தால் ஐந்து வருடத் தடை வரலாம்.

முகவர் சொன்ன துறப்பு கடைசி வழியாக மட்டுமே இருக்க வேண்டும். நிரந்தர வதிவாளராக இருக்கும்வரை உங்களுக்கு விசிட் விசா தரமாட்டார்கள் என்பதால்தான் அவர் அப்படிச் சொல்கிறார். துறந்தபின் உங்களுக்கு முன்னிருப்பது சுப்பர் விசா. அதில் ஒரு தடவை போனால் ஐந்து வருடம் வரை தங்கலாம். மகன் வருமானத்தைக் காட்ட வேண்டும். குறைந்தது ஒரு லட்சம் டொலருக்கான மருத்துவக் காப்புறுதியும் வேண்டும். மறுபடி பி.ஆர். பெறுவதற்கான பெற்றோர் ஸ்பொன்சர் திட்டத்தில் அழைப்புக் கிடைத்தவர்கள்தான் விண்ணப்பிக்க முடியும். கையில் உள்ள உரிமைக்காக ஒரு தடவையும் வாதாடாமல் அந்த வரிசையில் போய் நிற்பது நியாயமில்லை.

இதை வாசிக்கும் மற்றவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அகதிக் கோரிக்கை மூலம் பி.ஆர். பெற்றவர்களுக்கு இந்தப் பதில் அப்படியே பொருந்தாது. அவர்கள் இலங்கைக் கடவுச்சீட்டு எடுத்து ஊருக்குப் போய் வந்தால், இலங்கையின் பாதுகாப்பைத் திரும்ப ஏற்றுக்கொண்டதாகக் கருதி அரசு அகதி நிலையை முடிவுக்குக் கொண்டுவரக் கோரலாம். 2012 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த மாற்றத்தின்படி, அப்படி முடிவானால் பி.ஆர். உரிமையும் கூடவே போய்விடும். அதற்கு மேன்முறையீட்டுப் பிரிவிலும் இடமில்லை. அத்தகையவர்கள் எதற்கும் விண்ணப்பிக்குமுன் சட்டத்தரணியைக் கட்டாயம் பாருங்கள்.

கட்டணம் வாங்கிக்கொண்டு கனடிய குடிவரவு ஆலோசனை சொல்ல அனுமதி பெற்ற சட்டத்தரணிகளுக்கும், உரிமம் பெற்ற ஆலோசகர்கள் போன்ற அங்கீகாரம் பெற்றவர்களுக்கும் மட்டுமே உரிமை உண்டு. உங்கள் முகவரிடம் அவருடைய உரிம எண்ணைக் கேளுங்கள்.

உங்கள் உரிமை காப்பாற்றப்பட்டுத் திரும்பிப் போனால், ஐந்து வருடத்துக்குள் 1,095 நாட்களைக் கனடாவில் முடித்துவிட்டுக் குடியுரிமைக்கு விண்ணப்பியுங்கள். 55 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மொழித் தேர்ச்சியும் அறிவுச் சோதனையும் இல்லை. நீங்கள் அன்று பயந்த ஆங்கிலச் சோதனையை இனி எழுத வேண்டியதில்லை. குடியுரிமை கிடைத்துவிட்டால், ஊரில் எத்தனை வருடம் இருந்தாலும் யாரும் உங்களிடம் நாட்கணக்குக் கேட்க மாட்டார்கள்.