மழை மாதங்களுக்கு ஒரு திரி போதும்

ஐப்பசி, கார்த்திகை ஆலோசனை: மீன்தொட்டிக்கு மேலே செடி வளர்ப்பவர்களுக்கு

இன்றே ஒரு வேலை செய்யுங்கள். மீன்தொட்டிக்கு மேல் பலகையில் திரி போட்டு வைத்திருக்கும் செடிகளில் ஒன்றை இரண்டு கையாலும் தூக்கிப் பாருங்கள். கோடையில் தூக்கிய கனம் கைக்கு நினைவிருக்கும். இப்போது அதைவிடக் கனத்தால், செடி குடிப்பதைவிட அதிகமாகத் திரி இறைத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். திரியை உருவிவிடுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

தானாக நீர் எடுத்துக்கொள்ளும் தொட்டி, கடைக்காரர் பாஷையில் செல்ஃப் வாட்டரிங் பாட், பெரிய சூட்சுமம் ஒன்றும் இல்லாத பொருள். கீழே தண்ணீர் அறை, மேலே மண், நடுவில் ஒரு நைலான் கயிறு. அகல் விளக்கில் எண்ணெய் ஏறுகிற அதே கதைதான். ஆனால் விளக்கில் சுடர் எரியும் அளவுக்குத்தான் எண்ணெய் ஏறும். செடியில் அந்தச் சுடரின் வேலையைச் செய்வது இலை. வெளிச்சம் பட்டு இலை நீரை ஆவியாக விட்டால்தான் வேர் உறிஞ்சும், மண் காயும், திரி மறுபடி இழுக்கும். மேகம் மூடிவிட்டால் சுடர் தணிந்த மாதிரி. காற்றிலும் ஈரம் நிறைந்திருப்பதால் இலையிலிருந்து ஆவி போவது குறைந்துவிடும். திரி மட்டும் ஊறிக்கொண்டே இருக்கும். மண்ணில் காற்றுக்கு இடம் இல்லாமல் வேர் திணறி அழுகத் தொடங்கும்.

போன கார்த்திகையில் என் பீஸ் லில்லி ஒரு நாள் காலையில் தலை தொங்கிப்போய் நின்றது. தாகம் என்று நினைத்து அறை நிரம்பத் தண்ணீர் ஊற்றினேன். மறுநாள் இன்னும் தொங்கியது. மூன்றாம் நாள் பிடுங்கிப் பார்த்தால், பழைய பூ ஜாடியைக் கழுவும்போது வருமே, அந்த வாடை. ஒரு வேரை விரலால் பிடித்து இழுத்தேன். மேல்தோல் பழுப்பாக வழுக்கிக்கொண்டு கையோடு வந்துவிட்டது, உள்ளே நூல் மாதிரி ஒரு நரம்பு மட்டும் மிச்சம். நல்ல வேர் வெள்ளையாக, முறுக்கென்று இருக்கும். தண்ணீர் இல்லாத செடியும் தொங்கும், தண்ணீரில் மூழ்கிய செடியும் அப்படியேதான் தொங்கும். ஊற்றுவதற்கு முன் மண்ணில் ஓர் ஐஸ்குச்சியைச் செருகிப் பாருங்கள். குச்சி ஈரமாக வந்தால் குவளையைக் கீழே வையுங்கள்.

மழை முடியும்வரை கணக்கு இதுதான். இரண்டு திரி இருந்தால் ஒன்றை எடுத்துவிடவும். அறையில் தண்ணீர் தீர்ந்தபின் மூன்று நான்கு நாள் காலியாகவே விட்டு, பிறகு பாதி மட்டும் நிரப்பவும். வெறும் கோகோபீட்டில் நட்டவர்கள் அதில் மூன்றில் ஒரு பங்கையாவது எடுத்துவிட்டு பெர்லைட்டோ சின்னக் களிமண் உருண்டைகளோ கலந்துகொள்ளவும். கோகோபீட் பஞ்சு மாதிரி. கோடைக்கு உதவிய அதே குணம் இப்போது எதிரி. பருத்தித் திரி போட்டவர்கள் இதைச் சாக்காக வைத்து நைலானுக்கு மாறிவிடலாம். பருத்தி ஈரத்தில் சில மாதங்களிலேயே மக்கி அறுந்துவிடும்.

மீன்தொட்டித் தண்ணீரிலேயே திரியின் மறுமுனையை விட்டு, மேலே இருக்கும் செடிக்கு நேராக நீர் ஏற்றுபவர்களும் உண்டு. அரைச் சாண் உயரத்துக்குத் தண்ணீர் சிரமமில்லாமல் ஏறும். ஒரு சாணைத் தாண்டினால் தள்ளாடும். அதைவிட முக்கியம், கயிற்றின் மீதி நுனி கண்ணாடி விளிம்பைத் தாண்டி வெளியே தொங்கக் கூடாது. வெளி நுனி நீர்மட்டத்துக்குக் கீழே போய்விட்டால் சொட்டுச் சொட்டாகத் தொட்டித் தண்ணீர் வெளியேறும். விடிகாலையில் ஈரத் தரையில் கால் வைத்துத்தான் நான் இதைத் தெரிந்துகொண்டேன்.

வேரே நேரடியாக மீன்தொட்டித் தண்ணீரில் தொங்கும் செடிகளுக்கு மேலே சொன்ன அழுகல் பயம் இல்லை. மணி பிளாண்ட், சிங்கோனியம் இரண்டும் அப்படி வளர்வதில் கெட்டிக்காரச் செடிகள். தண்ணீரிலேயே முளைத்த வேர் தண்ணீருக்குப் பழகியது. ஃபில்டரும் ஏர் பம்ப்பும் நீரை அசைத்துக்கொண்டே இருப்பதால் மூச்சுக்கும் பஞ்சமில்லை. மண்ணில் வளர்ந்த செடியை அப்படியே பிடுங்கித் தண்ணீரில் விட்டால்தான் பழைய வேர் அழுகும். வேண்டுமானால் இப்போதே கணுவுக்குக் கீழே வெட்டிய துண்டு ஒன்றைத் தொட்டியின் பின் மூலையில் செருகுங்கள். காற்றில் ஈரம் இருப்பதால் இலை வாடாமல் வேர் விட இது நல்ல பருவம். கணு தண்ணீருக்குள், இலை வெளியே. வெட்டிய இடத்தில் வடியும் சாற்றைக் குழாயில் கழுவிவிட்டுச் செருகவும். மணி பிளாண்ட், பீஸ் லில்லி, டைஃபன்பேக்கியா எல்லாம் நம் சேப்பங்கிழங்கு, சேனைக்கிழங்கின் சொந்தக்காரர்கள். வாயில் அரிக்கும் கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் எல்லாவற்றிலும் உண்டு. வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் தொங்கும் கொடியைச் சுருட்டி மேலே கட்டுங்கள். பால் வடியும் கள்ளி வகைகள், அரளி ஆகியவை மீன்தொட்டிப் பக்கமே வேண்டாம்.

கொசு

நீர் அறை உள்ள தொட்டி வைத்திருப்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. வீட்டுக்குள், நிழலில், அசையாமல் நிற்கும் தெளிந்த தண்ணீர்தான் அதற்கு வேண்டும். திரித்தொட்டியின் அறை அதற்கென்றே செய்தது மாதிரி இருக்கிறது. மூடியிருக்கிறதே என்று நினைக்காதீர்கள். தண்ணீர் ஊற்றும் துளையும் வழிந்தோடும் துளையும் ஒரு கொசுவுக்கு வாசல் கதவு.

சில வருடங்களுக்கு முன் கொசுப்புழு பார்க்க வந்த மாநகராட்சிப் பெண் ஒருவர் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டைப் பார்த்தார், மாடியில் தேங்காய்ச் சிரட்டையைத் தேடினார். போகிற போக்கில் என் செடிப் பலகையைப் பார்த்து நின்றார். ஊற்றும் துளையில் டார்ச் அடித்தார். “சார், இதுக்குள்ள பாருங்க.” பார்த்தேன். தலைகீழாகத் தொங்கியபடி ஏழெட்டுப் புழு, வெளிச்சம் பட்டதும் நெளிந்து அடியில் போயின. “கீழ மீன் இருக்கு, மேல கொசு வளக்கறீங்களே சார்” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முட்டை பொரிந்து கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். ஆகவே வாரம் ஒருமுறை, ஞாயிறு என்றால் ஞாயிறு, எல்லா அறைகளையும் கவிழ்த்துக் காலி செய்யுங்கள். கொட்டினால் மட்டும் போதாது. ஏடிஸ் தன் முட்டையைத் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஈரச் சுவரில் ஒட்டிவைக்கும். காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருந்து, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரியும். பழைய பல்துலக்கியால் உள்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். துளைகளுக்கு நைலான் வலைத்துணி கட்டுங்கள். புழு இருந்த தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றாமல் கீழே மீன்தொட்டியில் ஊற்றலாமா என்று கேட்பீர்கள். உரம் கலக்காத தண்ணீரானால் வடிகட்டிப் புழுவை மட்டும் போடுங்கள். கப்பிகளுக்கு அன்று தீபாவளி.

கொசுவை விரட்டப் போய் மீனைக் கொல்பவர்களும் இந்த மாதங்களில்தான் அதிகம். கொசுவத்தி, பிளக்கில் செருகும் திரவம், ஸ்ப்ரே ஆகியவற்றில் பெரும்பாலும் இருக்கும் பைரித்ராய்டு வகை மருந்து மீனுக்கும் இறாலுக்கும் கொடிய விஷம். அறைக் காற்றை இழுத்துத் தண்ணீருக்குள் தள்ளுவதுதான் ஏர் பம்ப்பின் வேலை, மருந்தையும் சேர்த்தே தள்ளும். மீன்தொட்டி இருக்கும் அறையில் இவற்றை வைக்காதீர்கள், கொசுவலை கட்டுங்கள். தெருவில் புகையடிக்க வந்தால் ஜன்னலைச் சாத்தி, தொட்டியைத் துணியால் மூடி, புகை அடங்கும்வரை ஏர் பம்ப்பை நிறுத்திவையுங்கள். இலைக்குப் பூச்சிமருந்து அடிக்க வேண்டுமானால் செடியைப் பலகையிலிருந்து இறக்கிப் பால்கனிக்குக் கொண்டுபோங்கள். வேப்பெண்ணெய்க்கும் இதே விதிதான்.

கீழே, தண்ணீரில்

மீன் செவுள் வழியாக அம்மோனியாவை விடுகிறது. ஃபில்டர் பஞ்சில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக்கி, பிறகு நைட்ரேட்டாக்குகின்றன. வேர்கள் அந்த நைட்ரேட்டைச் சாப்பிடுகின்றன. மேலே செடி வைத்ததே இதற்காகத்தான். வெளிச்சம் குறைந்தால் செடியின் பசியும் குறையும். மீன் மட்டும் வழக்கம்போலச் சாப்பிட்டு வழக்கம்போலக் கழிக்கும். செடிகள் பார்த்துக்கொள்ளும் என்று கோடையில் தண்ணீர் மாற்றுவதைத் தள்ளிப்போட்டவர்கள், இப்போது வாரம் ஐந்தில் ஒரு பங்காவது மாற்ற வேண்டும். தீனியையும் கொஞ்சம் குறையுங்கள். எடுத்த பழைய தண்ணீர் மண்செடிகளுக்கு நல்ல உரம். மீனுக்கு உப்போ மருந்தோ போட்ட வாரம் மட்டும் அதைச் செடிக்கு ஊற்றக் கூடாது.

தொட்டி விளக்கை எட்டு மணி நேரம் எரிய விடலாம். அதற்கு மேல் போனால் செடி வளர்வதைவிடப் பாசி வளரும். இலை எல்.இ.டி. விளக்கில் ஒட்டிக்கொண்டிருந்தால் ஒதுக்கிக் கட்டுங்கள். விளக்கு, ஃபில்டர் வயர்கள் பிளக்குக்குப் போகும் முன் ஒரு வளைவு கீழே தொங்கி மேலே ஏற வேண்டும். வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், பிளக்குக்குப் போகாது. மேலே செடி, கீழே நீர், நடுவே மின்சாரம் உள்ள இந்த ஏற்பாட்டில் இதுதான் மலிவான காப்பீடு. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தரையில் கிடந்தால் சுவரில் ஏற்றுங்கள்.

புயல் எச்சரிக்கை வந்தால் மெழுகுவர்த்தி வாங்கும்போதே பேட்டரி ஏர் பம்ப் ஒன்றும் வாங்கிவையுங்கள். 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் வந்தபோது சென்னையில் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. மின்சாரம் இல்லாதபோது மீனுக்குத் தீனி போடாதீர்கள். நல்ல நிலையில் உள்ள வளர்ந்த மீன் சில நாள் பட்டினி தாங்கும், மூச்சில்லாமல் தாங்காது. பம்ப் இல்லையென்றால் ஒரு குவளையால் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருக்கலாம், அரை மணிக்கொரு தடவை. இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் நின்ற மூடிய ஃபில்டரை அப்படியே ஓடவிட வேண்டாம். உள்ளே செத்த பாக்டீரியாவும் அழுக்கும் ஒரே வீச்சில் தொட்டிக்குள் வந்துவிடும். பஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசிவிட்டு ஓட்டுங்கள். குழாய்த் தண்ணீரில் அலசினால் குளோரின் மிச்சம் இருப்பதையும் முடித்துவிடும்.

குளிர் பெரிய பிரச்சினை இல்லை. ஆனால் இரண்டு நாள் அடைமழையில் தண்ணீர் சட்டென்று குளிர்ந்தால் மீன் உடம்பில் உப்புத் தூவிய மாதிரி வெள்ளைப்புள்ளி வரலாம். லிட்டருக்கு ஒரு வாட் கணக்கில் ஹீட்டர் போதும். இரண்டடித் தொட்டி, அதாவது 60 × 30 × 30 செ.மீ., 54 லிட்டர், அதற்கு 50 வாட். அந்த 54 லிட்டரின் கனமே 54 கிலோ. ஊறிய செடித்தொட்டிகளைக் கண்ணாடி விளிம்பின் மேலே நேராக வைக்க வேண்டாம், சுவரில் பொருத்திய பலகைக்கு மாற்றுங்கள்.

மழைத்தண்ணீர்

இந்தப் பருவத்தின் ஒரே இலவசம் இது. போர் தண்ணீர் ஊற்றி வளர்த்த திரித்தொட்டிகளில் மண்ணின் மேல் வெள்ளையாக ஏடு படிந்திருக்கும். தண்ணீர் கீழிருந்து மேலே மட்டுமே ஏறி ஆவியாவதால், அதிலிருந்த உப்பு மேலேயே தங்கிவிடுகிறது. மொட்டைமாடி கழுவிப் போகும் முதல் மழையை விட்டுவிட்டு, அடுத்த மழையில் இரண்டு வாளி பிடித்துவையுங்கள். வெள்ளை ஏட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுச் செடியைக் குளியலறைக்குக் கொண்டுபோய், மேலிருந்து மெதுவாக, தொட்டியின் கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு ஊற்றி வடிய விடுங்கள். வடிந்த தண்ணீர் மீன்தொட்டிக்குப் போகக் கூடாது. பிறகு திரி இல்லாமல் நான்கு நாள். மீனுக்கும் மழைத்தண்ணீர் கொடுக்கலாம், ஆனால் மாற்றும் தண்ணீரில் கால் பங்குக்கு மேல் வேண்டாம். அதில் கடினத்தன்மை கிட்டத்தட்ட இல்லை, அதிகம் சேர்ந்தால் பி.எச். சரிந்துவிடும்.

மழைக்கு நர்சரியில் செடி மலிவு. வாங்கலாம், ஆனால் உடனே பலகைக்கு ஏற்றாதீர்கள். வேர்மண்ணை முழுக்கக் கழுவுங்கள். மண்ணில் கடுகு மாதிரி மஞ்சள் உருண்டைகள் தெரிந்தால் அவை மெதுவாகக் கரையும் உரம், ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுங்கள். மூன்று வாரம் தனி வாளியில் இருக்கட்டும். பசிபிக் நடுவே மோரியா தீவின் மணி பிளாண்ட், தென்னமெரிக்க ஓடைகளின் கப்பி, இரண்டும் ஒரு சென்னை ஃபிளாட்டில் கொளத்தூரில் வாங்கிய தொட்டி ஒன்றில் சந்திக்கின்றன. அறிமுகத்துக்கு மூன்று வாரம் அதிகமில்லை.

தை பிறந்து, காலை வெயில் ஜன்னலில் மறுபடி விழத் தொடங்கியதும் செடித்தொட்டியை மீண்டும் தூக்கிப் பாருங்கள். இரண்டு விரல் ஆழத்துக்கு மண் காய்ந்து, தொட்டி லேசாக இருந்தால், உருவி வைத்த திரியை வெந்நீரில் அலசித் திரும்பச் செருகலாம். அதுவரை அது துணிக்கொடியில் காயட்டும்.