ஒரு லாக் முன்னால்

இங்கிலாந்தின் கென்னட் அண்ட் ஏவன் கால்வாயில் டிவைஸஸ் ஊருக்குப் படகில் ஏற 29 லாக்குகளைத் தாண்ட வேண்டும். லாக் என்றால் தண்ணீரை நிரப்பியும் வடித்தும் படகை ஏற்றி இறக்கும் கதவுத் தொட்டி. 2 மைலில் 237 அடி ஏற்றம். அவற்றில் 16, கேன் ஹில் சரிவில் ஒரே நேர்கோட்டில் நிற்கின்றன. வாடகைப் படகில் நான், மனைவி, மச்சான்.

முதல் சில லாக்குகளில் மூவரும் ஒரே இடத்தில் மொய்த்தோம். ஆளுக்கொரு கதவு, ஆளுக்கொரு மதகு. வேலை பறப்பதுபோல்தான் இருந்தது. ஆனால் அடுத்த லாக் நிரம்பி நிற்கும். அதை வடித்துக் கதவைத் திறக்கும்வரை படகு கீழே சும்மா கிடக்கும்.

பின்னால் வந்த வயதான தம்பதி, சேர்ந்தே போவோமா என்றார்கள். லாக்கின் அகலம் 14 அடி, படகு 7 அடிக்குச் சற்றுக் குறைவு. இரண்டும் அருகருகே நின்றால் ஒருமுறை நிரப்பும் தண்ணீரில் இரண்டும் ஏறிவிடும். பெரியவரும் மச்சானும் படகை விட்டு இறங்கவே இல்லை. நானும் அந்த அம்மாவும் கரைக்கு ஒருவராக நின்றோம். கதவின் மேல் ஏறி அக்கரை போய்வரும் நடை மிச்சம். மனைவி, மதகைச் சுற்றித் தூக்கும் விண்ட்லாஸ் கைப்பிடியோடு ஒரு லாக் முன்னாலேயே போய் அதைத் தயார் செய்தாள். எங்களுக்குத் திருப்பம் அதுதான்.

முன்னால் போகிறவருக்கு அவசரம் ஆகாது. ஓரிடத்தில், எதிரே படகு இறங்கி வருவதைப் பார்க்காமல் மனைவி நிறைந்திருந்த லாக்கை வடித்துவிட்டாள். அவர்களுக்காக விட்டிருக்க வேண்டிய தண்ணீர்! அவர்கள் முகம் சுருங்கியதில் நியாயம் உண்டு. கீழிருந்து பம்ப் செய்து மேலேற்றும் தண்ணீர் அது.

மதகைத் தூக்குமுன் படகில் நிற்பவர் கையசைக்க வேண்டும். நான் ஒருமுறை கேட்காமல் முழுக்கத் தூக்கினேன். படகு எகிறி, அடுப்பிலிருந்த டீ தரையில். பாதி தூக்கி, படகு அடங்கியபின் மீதியைத் தூக்குவதே சரி. சுற்றி முடித்ததும் விண்ட்லாஸைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மதகைப் பிடித்திருக்கும் பல் நழுவினால் விண்ட்லாஸ் சுழன்று மணிக்கட்டை உடைத்துவிடும். இறங்கும்போது இன்னொரு ஆபத்து: மேல்கதவுக்கு உள்ளே நீருக்கடியில் ஒரு படி உண்டு. படகின் பின்பக்கம் அதில் மாட்டினால் தண்ணீர் வடிய வடியப் படகு தலைகுப்புறச் சாயும். சுவரில் போட்டிருக்கும் வெள்ளைக்கோட்டுக்கு முன்னாலேயே நிற்க வேண்டும்.

உச்சி சேர்ந்தபோது களைக்காதவன் மச்சான் ஒருவன்தான். மறுநாள் விண்ட்லாஸ் உன் கையில் என்றேன். கிழக்கே அடுத்த 15 மைலுக்கு லாக்கே இல்லை என்பது அவனுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.