குதிரை வாங்கியாச்சா? லாயம் பார்க்கும்போது…

அந்தியூர் ஆடித் திருவிழாச் சந்தையில் ஆசைப்பட்டுக் குதிரை வாங்கிவிடலாம். தாம்பரம் அடுக்குமாடியின் கார் ஷெட்டில் கட்ட முடியாதே! ஈசிஆர் பக்கமுள்ள குதிரையேற்றப் பள்ளிகளின் லாயத்தில் இடம் கிடைக்குமா என்று விசாரியுங்கள்.

முதலில் தரையைப் பாருங்கள். 2015 வெள்ளத்தில் தாம்பரம் பக்கத்து முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியது மறந்திருக்காது. ஈரத்திலேயே நின்றால் குளம்பு அழுகும். ஐப்பசி மழையில் ஒருநாள் நேரில் போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

மாதக் கட்டணத்தில் எதெல்லாம் அடக்கம் என்று எழுதி வாங்குங்கள். 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை குளம்பு சீவி லாடம் அடிக்க வேண்டும்; பெரும்பாலும் சண்டை வருவது இதில்தான்.

'கொள்ளு போட்டாப் போதும் சார்' என்பவரிடம் விடாதீர்கள். 400 கிலோ எடையுள்ள குதிரைக்குத் தினம் 6 முதல் 8 கிலோ உலர்புல் வேண்டும். கோடையில் 30 லிட்டர் தண்ணீரும் போதாது.

குதிரையால் வாந்தியெடுக்க முடியாது. அதனால் வயிற்றுவலி உயிருக்கே ஆபத்து. விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறதா, முன்னங்காலால் தரையைக் கீறுகிறதா, புரளுகிறதா? தீவனத்தை எடுத்துவிட்டு உடனே மருத்துவரை அழையுங்கள். கைவைத்தியம் வேண்டாம். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி தாம்பரத்திலிருந்து தூரம். குதிரை ஏற்றும் வண்டிக்காரரின் எண் கைவசம் இருக்கட்டும்.

நம் ஊர்ப் புழுக்கத்தில் சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்றுவிடும். சவாரிக்குப் பின் உடம்பு காய்ந்திருந்து, மூச்சு மட்டும் வாங்கினால் நிழலில் நிறுத்தித் தண்ணீர் ஊற்றுங்கள். பிறகு மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஆண்டுதோறும் டெட்டனஸ் தடுப்பூசி போட்ட தேதியை நீங்களே குறித்து வையுங்கள், லாயக்காரரை நம்பி விடாமல்.