மெழுகு பூசிய கட்டையைக் கடைவதற்கு முன்

கடைச்சலுக்கென வாங்கும் கட்டைகள் சிலவேளை முழுவதும் மெழுகு பூசியே வருகின்றன. ஈரம் சடுதியாக வெளியேறி மரம் வெடிக்காதிருக்கவே இப்பூச்சு. ஆனால் அதே மெழுகு உள்ளீரத்தையும் அடைத்து வைக்கிறது. ஆண்டுக்கணக்கில் கிடந்த கட்டையும் உள்ளே பச்சையாயிருக்கலாம். அதில் உடனே இடியப்ப உரல் கடைந்தால், சில கிழமைகளில் துளை நெளிந்து மேற்பாகம் இறங்காது. வாங்கியவர் திருப்பிக் கொண்டுவருவார். இடம்பெயர்ந்து வந்து, வயலுக்குப் பதில் உளி பிடித்திருக்கும் குடும்பத்துக்கு ஓர் உரலின் விலையும் பெரிதே.

மெழுகு முழுவதையும் ஒரே நாளில் எடுக்கக் கூடாது. மரத்தின் ஈரம் பக்கங்களைவிட வெட்டுமுகங்களினூடாக ஏறத்தாழ 10 மடங்கு விரைவாக வெளியேறும். ஆகவே மழுங்கிய கத்தியால் பக்கங்களை மட்டும் சுரண்டுங்கள். இரு முனைகளிலும் மெழுகு இருக்கட்டும். நெருப்பில் காட்ட வேண்டாம். உருகிய மெழுகு மரத்துள் ஊறினால் பின்னர் வார்னிஷ் பிடிக்காது.

கட்டையை நிலத்தில் படாமல், காற்றோட்டமான நிழலில் வையுங்கள். கிழமைக்கொருமுறை கடைத் தராசில் நிறுத்து, நிறையைக் கட்டையிலேயே பென்சிலால் எழுதுங்கள். 3, 4 கிழமைகள் நிறை மாறாவிட்டால் காய்ந்துவிட்டது எனலாம். மாரியில் மட்டும் இக்கணக்கை நம்பாதீர்கள்; ஈரக் காற்றில் நிறை குறையாமலே நிற்கும். பெரிய கட்டைக்கு மாதங்கள் செல்லும். அவசரக்காரருக்கு இது பொறுக்காதுதான்.

பின்பு முனைகளையும் சுரண்டிக் கடையலாம். சுரண்டிய மெழுகைப் பேணியிலிட்டு, பேணியைக் கொதிநீரில் வைத்து உருக்கி, புதிதாக வெட்டும் கட்டைகளின் முனைகளுக்குப் பூசுங்கள். போதாவிட்டால் பங்குக் கோவிலில் எரிந்து மிஞ்சும் மெழுகுதிரித் துண்டுகளைக் கேட்டு வாங்குங்கள்.