மெய் தேடும் ஒருவர்

தில்லியில் மண்டி ஹவுஸ் வட்டத்தை ஒட்டிய கோப்பர்நிகஸ் சாலையில் தூர்தர்ஷன் தலைமையகம் அமைந்துள்ளது. 1993ஆம் ஆண்டு அந்நிறுவனம் நாடெங்கும் ஒளிபரப்பிய இந்தித் தொடர் ஒன்றைப் பற்றியது இப்பாடம். ‘பியோம்கேஷ் பக்ஷி’ என்பது அத்தொடரின் பெயர். உங்கள் வீட்டில் அக்காலத்தில் பள்ளி மாணவராயிருந்தோர் எவரேனும் இருப்பின், இப்பெயரை அவரிடம் சொல்லிப் பாருங்கள். அவர் உடனே அதன் தொடக்க இசையை முணுமுணுத்தாலும் வியப்பில்லை.

இந்தித் தொடர் ஒன்றைப் பற்றித் தமிழ்ப் பாடத்தில் ஏன் படிக்க வேண்டும் என நீங்கள் வினவலாம். தக்க வினாவே. அதற்கான விடை இக்கதைகளை எழுதியவரின் வாழ்க்கையில் உள்ளது.

பியோம்கேஷ் கதைகள் வங்க மொழியில் எழுதப்பட்டவை. அவற்றின் ஆசிரியர் சரதிந்து பந்தோபாத்யாய். கல்கத்தாவின் தெருக்களையும் மாடி வீடுகளையும் தம் கதைகளில் உயிர்பெறச் செய்த அவர், கல்கத்தாவில் பிறந்தவரல்லர், வங்கத்திலேயே பிறந்தவரல்லர். 1899இல், இன்று உத்தரப் பிரதேசத்தில் உள்ள ஜௌன்பூரில் பிறந்தார். பீகாரின் முங்கேரில் வளர்ந்தார். கல்லூரிப் படிப்பிற்காகக் கல்கத்தா சென்றார். 1938இல் திரைப்படங்களுக்குக் கதை எழுதப் பம்பாய் சென்றார். 1952இல் அத்தொழிலை விடுத்துப் புனேயில் குடியேறினார். அவர் இறந்தது 1970இல். ஆக, அவர்தம் வாழ்நாளின் பெரும்பகுதி வங்கத்திற்கு வெளியிலேயே கழிந்தது. அவரைச் சூழ்ந்து ஒலித்தவை இந்தியும் மராத்தியும். எழுதியதோ வங்க மொழியில்.

தில்லியில் பிறந்து, வகுப்பில் இந்தியும் ஆங்கிலமும் பேசி, வாரத்தில் சில பாடவேளைகளில் மட்டும் தமிழ் எழுதும் உங்களுக்கு அவருடைய நிலை விளங்காமற் போகாது.

மெய் தேடுவோர்

முதற்கதை 1932இல் எழுதப்பட்டது. அக்காலத்து வங்கத் துப்பறியும் கதைகள் பலவும் ஆங்கிலக் கதைகளைத் தழுவி எழுந்தவை. தமிழிலும் அவ்வாறே நிகழ்ந்தது. ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் முதலியோர் ரெயினால்ட்ஸ் போன்ற ஆங்கில எழுத்தாளர்களின் கதைகளைத் தமிழ்ச் சூழலுக்கு மாற்றி எழுதி, எண்ணற்ற வாசகர்களைப் பெற்றனர். தழுவலை இழிவாக எண்ண வேண்டியதில்லை. படிக்கும் பழக்கத்தையே பரப்பியவர்கள் அவர்கள். எனினும் சரதிந்து வேறு வழியை நாடினார். ஷெர்லக் ஹோம்ஸுக்கு வாட்சன் வாய்த்ததுபோலப் பியோம்கேஷுக்கு அஜித் என்னும் எழுத்தாளர் நண்பராக வாய்க்கிறார். ஒப்புமை ஏறத்தாழ அத்துடன் முடிகிறது. பியோம்கேஷ் வேட்டி உடுத்துகிறார். ஒரு வழக்கின்போது சந்தித்த சத்தியவதி என்னும் பெண்ணை மணக்கிறார், மகனைப் பெறுகிறார், ஆண்டுகள் செல்லச் செல்ல வயது முதிர்கிறார். ஹோம்ஸின் அறையில் குழந்தையின் அழுகுரலை நம்மால் எண்ணிப் பார்க்க இயலுமா?

அவர் தம்மைத் ‘துப்பறிவாளர்’ என்று அழைப்பதை விரும்புவதில்லை. ஆங்கிலச் சொல்லும் வேண்டா, அதற்கீடான வங்கச் சொல்லும் வேண்டா என்கிறார். கல்கத்தா ஹாரிசன் சாலை வீட்டின் கதவில் தம் பெயருக்குக் கீழே ‘சத்யான்வேஷி’ என்று பொறித்து வைக்கிறார். சத்தியம் என்பது மெய். அன்வேஷி என்பவர் தேடுபவர். மெய் தேடுவோர் என்பது பொருள். இச்சொல்லுக்காகவே இக்கதைகளைப் படிக்கலாம் என்பேன். குற்றவாளியைப் பிடிப்பது காவலர் பணி. நடந்தது யாதென அறிவதே தம் பணி என்னும் வேறுபாடு அவ்வொரு சொல்லில் அடங்கியுள்ளது. சில கதைகளில் மெய்யை அறிந்த பின்னரும், அதை எவரிடம் சொல்வது, எவரிடம் சொல்லாதிருப்பது என்று அவர் தயங்குகிறார்.

அவர் பெயரையும் நோக்குக. வடமொழியில் ‘வியோம’ என்பது விசும்பு. ‘கேசம்’ என்பது கூந்தல். விசும்பையே சடையாகக் கொண்ட சிவபெருமானுக்கு வியோமகேசன் என்று பெயர். வங்க ஒலிப்பில் வகரம் பகரமாகும். ஆதலால் வியோமகேசன் அங்கே பியோம்கேஷ் ஆனார்.

திரைக்கு வந்த கதை

தொடரை இயக்கியவர் பாசு சாட்டர்ஜி. அவரும் வங்கத்திற்கு வெளியே, இராஜஸ்தானின் அஜ்மீரில் பிறந்த வங்காளி; பம்பாயில் வார இதழ் ஒன்றில் கருத்துப்படம் வரைந்து, பின்னர்த் திரைத்துறைக்கு வந்தவர். பியோம்கேஷாக ரஜித் கபூர் நடித்தார், அஜித்தாகக் கே.கே. ரெய்னா நடித்தார். நடிகர்களுள் பலர் வங்காளியரல்லர். தொடரின் மொழியும் வங்கமன்று.

அவ்வாறாயின் கதையில் வங்கம் எஞ்சியது எவ்வாறு? பழங்காலத்தைக் காட்டப் பெரும் அரங்குகளை அத்தொடர் நாடவில்லை. இன்றைய கண்களுக்கு அதன் காட்சிகள் எளியனவாகவே தோன்றும். ஆனால் வேட்டியும் ஜிப்பாவும் நடிகர்கள் உடலில் இயல்பாகப் பொருந்தின. இந்தி உரையாடலிலும் ‘பியோம்கேஷ் பாபு’, ‘அஜித் பாபு’ என்னும் விளி மாறவில்லை. ஒரு மொழியின் விளிச்சொற்களை மாற்றாமல் விட்டால், அம்மொழி பேசுவோரின் வீட்டு வாசம் கதையில் தங்கிவிடுகிறது. ‘அத்தை’ என்னும் சொல்லை ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். அப்பாவின் தங்கை எங்கோ மறைந்துபோவார்.

தொடரின் மற்றொரு சிறப்பு அதன் நிதானம். துரத்தலும் அடிதடியும் குறைவு. இருவர் அமர்ந்து தேநீர் அருந்துவர், ஒருவர் செய்தித்தாளில் ஒரு விளம்பரத்தைச் சுட்டுவார், கதை தொடங்கிவிடும். முதற்கதையான ‘பாதையின் முள்’ அவ்வாறு தொடங்குவதே. உங்கள் பாதையில் முள் உளதாயின் அகற்றித் தருவோம் என்னும் பொருளில் ஒரு விளம்பரம் வாரந்தோறும் வெளிவருகிறது. அதே நாள்களில், நடுத்தெருவில் நடந்து செல்வோர் சிலர் திடீரென விழுந்து இறக்கின்றனர். அவர்தம் நெஞ்சில் தைத்திருப்பது கிராமபோன் ஊசி. இசைத்தட்டில் உரசிப் பாட்டை ஒலிக்கச் செய்யும் சிறு ஊசி அது. துப்பாக்கி வெடித்த ஓசையை எவரும் கேட்கவில்லை. கொலையாளி, தெருவில் நாள்தோறும் ஒலித்தும் எவரும் ஐயுறாத ஓர் ஒலியினுள் தன் கருவியை மறைத்து வைத்திருக்கிறான். அவ்வொலி யாதென இங்குக் கூறப்போவதில்லை.

தமிழ்த் தொலைக்காட்சியும் இத்துறையில் பின்தங்கவில்லை. தேவன் ஆனந்த விகடனில் எழுதிய ‘துப்பறியும் சாம்பு’ தொடராக வந்தபோது, காத்தாடி இராமமூர்த்தி சாம்புவாக நடித்தார். வங்கியில் எழுத்தராக இருந்த சாம்புவுக்கு அறிவைவிட அதிர்ஷ்டம் மிகுதி. தவறிப்போய்க் குற்றவாளியின் மீதே விழுந்து அவனைப் பிடித்துவிடுபவர். பியோம்கேஷையும் சாம்புவையும் ஓர் அறையில் அமர்த்தினால் யார் முதலில் குற்றவாளியைக் கண்டுபிடிப்பார்? எனக்குச் சாம்புவின்மீதே நம்பிக்கை.

2020 மார்ச் இறுதியில், பொதுமுடக்கத்தின்போது, தூர்தர்ஷன் பழைய தொடர்கள் சிலவற்றை மீண்டும் ஒளிபரப்பியது. அவற்றுள் ‘பியோம்கேஷ் பக்ஷி’யும் ஒன்று. அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, 2015இல், 1943ஆம் ஆண்டுக் கல்கத்தாவைக் களமாகக் கொண்டு பியோம்கேஷ் பற்றிய இந்தித் திரைப்படம் ஒன்று வெளிவந்தது. அதனை இயக்கியவர் திபாகர் பானர்ஜி. தமிழர் பலரும் குடியேறி வாழ்ந்த நம் கரோல்பாக்கில் வளர்ந்த வங்காளி.

சொற்பொருள்

விசும்பு – வானம். விளி – அழைக்கும் சொல். களம் – கதை நிகழும் இடம். ஐயுறுதல் – சந்தேகப்படுதல். நிதானம் – பதற்றமின்மை.

பயிற்சி

1. சரதிந்து பந்தோபாத்யாய் வாழ்ந்த ஊர்களைக் கால வரிசைப்படி எழுதி, இந்திய வரைபடத்தில் குறிக்க.

2. ‘துப்பறிவாளர்’, ‘மெய் தேடுவோர்’ ஆகிய இரண்டற்கும் உள்ள வேறுபாட்டை உம் சொற்களில் விளக்குக.

3. ‘பாதையின் முள்’ கதையில் கொலையாளி பயன்படுத்திய ஒலி எதுவாக இருக்கும்? மாலையில் உம் தெருவில் கால்மணி நேரம் நின்று, கேட்கும் ஒலிகளையெல்லாம் தமிழில் பட்டியலிட்டு, அதிலிருந்து ஒன்றைத் தேர்ந்து காரணம் கூறுக.

4. உம் வீட்டில் வழங்கும் உறவு விளிச்சொற்கள் ஐந்தினை எழுதுக. அவற்றுள் இந்தியில் நேர்ச்சொல் இல்லாதவை எவை?